முத்திருளன் தூங்கவில்லை

மதுரை ரிங் ரோட்டில் லாரிப் பட்டறைகள் வரிசையாக இருக்கும் இடத்தில் அப்துல் அலீமின் பட்டறைக்கு மட்டும் பெயர்ப்பலகை கிடையாது. "ஸ்டியரிங் பாய் எங்க இருக்காரு?" என்று கேட்டால் பஞ்சர் கடைக்காரர்கூடக் கை காட்டிவிடுவார். இன்ஜின், பிரேக் எதையும் அலீம் தொடுவதில்லை. பழைய லாரிகளின் பவர் ஸ்டியரிங் பம்ப் மட்டும்தான் அவர் வேலை. சவுதியில், தம்மாமில் ஒரு பெரிய பட்டறையில் பதினோரு வருடம் அதையே பார்த்தவர். ஊர் திரும்பியபோது பெட்டியில் துணிமணிகளுக்கு நடுவே ஆயில் அழுத்தம் பார்க்கும் இரண்டு பிரஷர் கேஜுகளைச் சுற்றி வைத்துக்கொண்டு வந்தார்.

அவரிடம் வருபவை பெரும்பாலும் இருபது, இருபத்தைந்து வருடம் ஓடிய வண்டிகள். புகாரும் ஏறக்குறைய ஒன்றுதான். "ஸ்டியரிங் கல்லா இருக்கு பாய்." சொல்லும் டிரைவரின் வலது தோள் பெரும்பாலும் கொஞ்சம் இறங்கியிருக்கும். சட்டையைத் தலைவழியாகக் கழற்ற முடியாதவர்களை எல்லாம் அலீம் பார்த்திருக்கிறார். வண்டியின் அடியில் போவதற்கு முன் டிரைவரை உட்கார வைத்து, என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவார்.

"இன்ஜின் சுத்துறப்ப இந்தப் பம்ப்பும் சேந்து சுத்தும். ஆயிலை அழுத்தித் தள்ளும். அந்த ஆயில் இந்த ரப்பர் ஓஸ் வழியா ஸ்டியரிங் பாக்ஸுக்குப் போயி, நீ திருப்புற பக்கமாவே சேந்து தள்ளும். நீ ஒரு கை, ஆயில் ஒம்பது கை. உள்ள இருக்க தகடு தேஞ்சுருச்சுன்னா அந்த ஒம்பதும் ஒண்ணொண்ணா விட்டுட்டுப் போயிரும். கடைசியில நீ மட்டும் தனியா நின்னு மல்லுக்கட்டணும்."

தேய்ந்த பம்ப்பைக் கழற்றிவிட்டு, பிந்திய மாடல் வண்டிகளின் பலமான பம்ப்பைப் பொருத்துவதில் அவருக்கு நல்ல பேர் இருந்தது. அது நான்கு போல்ட்டை முடுக்கிவிட்டு அனுப்புகிற வேலை அல்ல. பலமான பம்ப் தருகிற அழுத்தத்தைப் பழைய பாக்ஸ் தாங்கும் அளவுக்குக் குறைத்து வைக்க வேண்டும். ஆயில் டப்பாவைக் கழுவி ஃபில்டரை மாற்ற வேண்டும். பம்ப்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் ஓஸைப் புதிதாகப் போட வேண்டும். தேய்ந்த பம்ப்பின் சோகை பிடித்த அழுத்தத்துக்கே வருடக்கணக்காகப் பழகிவிட்ட ரப்பர், புது வேகத்தைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. இதை அலீம் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார்.

இரண்டு வருடத்துக்கு முன், மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, முத்திருளன் தன் டிப்பரோடு வந்தான். மேலூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். நாற்பது வயது, அதிகம் பேசாத ஆள். வண்டி மேலூர் அழகுராஜாவுடையது. கொட்டாம்பட்டிப் பக்கத்துக் கல் கிரஷரிலிருந்து ஜல்லி அடிக்கிற பத்துச் சக்கர வண்டி. அலீம் கேஜை மாட்டிப் பார்த்தார். முள் பாதிகூட ஏறவில்லை.

"இத வச்சுக்கிட்டா இம்புட்டு நாளு ஓட்டுன?"

"கைய வச்சுத்தான் ஓட்டுனேன் பாய்," என்றான் முத்திருளன், சிரிக்காமல்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு வேலையைத் தொடங்கினார். சனிக்கிழமை மதியத்துக்குள் புதுப் பம்ப் உட்கார்ந்துவிட்டது. அழுத்தத்தைக் குறைத்து வைத்தார். டப்பாவுக்குள் ஒரு விரற்கடை கறுப்புச் சேறு இருந்தது; கழுவினார். ஓஸ் மட்டும் பாக்கி. அதில் மாட்ட அந்த மாடலுக்கு உள்ள இரும்பு முனை மதுரையில் இல்லை, திங்கட்கிழமை வரும் என்றார் ஓஸ் கடைக்காரர். அப்போதுதான் அழகுராஜாவின் போன் வந்தது.

"பாய், பாலத்து வேலைக்கு ஜல்லி போகணும். வண்டிய இன்னைக்கு விட்டுருங்க. இந்த ஞாயித்துக்கிழமை விட்டு அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்து மாத்திக்கிறோம்."

அலீம் பழைய ஓஸைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். வெளியே வெடிப்பு எதுவும் தெரியவில்லை. துணியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு பழைய ஓஸையே மாட்டி, ஆயில் ஊற்றி, முத்திருளனிடம் ஸ்டியரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பச் சொல்லி, ஆயிலுக்குள் இருந்த காற்றை எடுத்தார். வண்டியை நின்ற இடத்திலேயே திருப்பிப் பார்த்த முத்திருளன் இறங்கவே இல்லை. ஒற்றை விரலால் இங்கிட்டும் அங்கிட்டும் திருப்பிக்கொண்டே இருந்தான்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை மறக்காம வந்துரு முத்து. ஓஸ் மாத்தணும்."

"வாரேன் பாய்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வரவில்லை. போன் போட்டுக் கேட்க வேண்டும் என்று அலீம் இரண்டு முறை நினைத்தார். திங்கட்கிழமை வேறு இரண்டு வண்டிகள் வந்து நின்றன. புது ஓஸ் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பங்குனி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். டீக்கடையில் ஒரு டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். கொட்டாம்பட்டிக்கு இந்தப் பக்கம், கண்மாய்க் கரை வளைவில், ஜல்லி ஏற்றிய டிப்பர் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. பகல் பதினோரு மணிக்கு. டிரைவருக்கு இடுப்பு எலும்பு போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து வந்த அவனுடைய மச்சினன் அங்கேயே இறந்துபோனான்.

"முதல் நாள் ராத்திரி ரெண்டு நடை அடிச்சிருக்கான். தூங்கிட்டான். வேறென்ன. வளைவுல திருப்பவே இல்லையாம், நேரா போயி விட்டுட்டான்."

"யாரு வண்டி?" என்று அலீம் கேட்டார்.

"மேலூர் அழகுராஜா வண்டி."

அலீம் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பட்டறைக்கு வந்தார். ஆணியில் தொங்கிய ஓஸைப் பார்க்காமல் இருக்கச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். திருப்பவே இல்லை என்கிறார்கள். திருப்ப முடியாமல் போனால்? பத்துச் சக்கர வண்டி, முழு லோடு. ஓஸ் வெடித்து ஆயில் போய்விட்டால் ஸ்டியரிங் அறுந்துவிடாது, இருக்கும். ஆனால் ஒன்பது கையின் பலத்தை நம்பித் திருப்பப் போனவனுக்கு, ஒரு கைதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஒரு வளைவின் நேரம் போதாது.

பத்து நாள் அவர் எதுவும் செய்யவில்லை. அதைப் பிற்பாடு அவர் யாரிடமும் மறைக்கவில்லை. ஒருவேளை தூங்கித்தான் இருப்பான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். தொழுகையில் எத்தனை ரக்அத் ஆனது என்று தெரியாமல் நின்றார். காஜிமார் தெரு வீட்டில் அவர் மனைவி ஜெயினம்பு முதலில் சர்க்கரை ஏறியிருக்குமோ என்று நினைத்தாள்.

பதினோராம் நாள் காலை பஸ் பிடித்துக் கொட்டாம்பட்டிக்குப் போனார். கவிழ்ந்த வண்டியைத் தூக்கிக் கொண்டுவந்து போலீஸ் ஸ்டேஷன் பின்புறம் வேப்பமரத்தடியில் போட்டிருந்தார்கள். ஒரு பக்கக் கேபின் நசுங்கி உட்கார்ந்திருந்தது. அங்கே நின்ற போலீஸ்காரர், "உங்க வண்டியா பாய்?" என்று கேட்டார்.

"இல்ல சார். இதுக்கு ஸ்டியரிங் வேலை பாத்தது நான். ஒருக்கப் பாத்துக்கறேன். எதையும் தொட மாட்டேன்."

போலீஸ்காரர் கூடவே வந்து நின்றார். அலீம் மண்ணில் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். ஓஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிந்து, ரப்பர் வெளிப்பக்கமாக விரிந்திருந்தது. விழுந்த வேகத்தில் அறுந்திருக்கலாமே என்று மனம் ஒரு கணம் பிடித்துக்கொண்டது. ஆனால் கிழிசலிலிருந்து ஆயில் பின்பக்கமாகப் பீய்ச்சி, சேசிஸ் சட்டம் நெடுகக் கோடு கோடாகப் படிந்து, அதன்மேல் ரோட்டுப் புழுதி ஒட்டியிருந்தது. சைலென்சர் குழாயில் பட்ட ஆயில் கருகிக் காய்ந்திருந்தது. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, இன்ஜின் சூடாக இருக்கும்போது போன ஆயில் அது. கவிழ்ந்து கிடந்த வண்டியிலிருந்து வடிந்தது அல்ல. தலைகீழாகக் கிடந்தபோது வடிந்தது வேறு பக்கம், கேபினை நோக்கி, தனியாகத் தெரிந்தது.

போலீஸ் சார்பில் வண்டியைச் சோதித்தவர்கள் பிரேக்கைப் பார்த்திருந்தார்கள், சரியாக இருந்தது. ஸ்டியரிங் தண்டும் அறுபடாமல் இருந்தது. கண்மாய்ப் பள்ளத்துச் சேறு அப்பிய வண்டியில் அதற்குமேல் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

அலீம் வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "சார், இந்த ஓஸை யாரும் கழத்தக் கூடாது. நான் எழுதிக் குடுக்கணும். யாருகிட்ட குடுக்கிறது?" என்றார். இன்ஸ்பெக்டர் மதியத்துக்கு மேல்தான் வருவார் என்று பதில் வந்தது. அலீம் காத்திருக்கவில்லை. அதற்கு முன் முத்திருளனிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தவர், முத்திருளன் ஊருக்குப் போகும் பஸ்ஸை விட்டுவிட்டு மதுரை பஸ்ஸில் ஏறினார்.

வீட்டுக்கு வந்து ஜெயினம்புவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கை நின்றது.

"செத்துப்போன பையன் பேரு என்ன?"

"ஆண்டிச்சாமி. முப்பத்தஞ்சு வயசு. கொட்டாம்பட்டியில ஏதோ சோலின்னு வண்டியில ஏறியிருக்கான்."

"போலீசுல சொன்னா உங்க மேல கேசு வருமா?"

"வரும்."

"பட்டறை?"

"யாரு வருவா."

ஜெயினம்பு கீரைத் தட்டை நகர்த்தி வைத்தாள். "அங்க ஒரு பொண்ணு, தன் தம்பிய தன் புருஷனே தூங்கிக் கொன்னுட்டான்னு நெனச்சுக்கிட்டு, அதே வீட்டுல அந்த ஆளுக்குச் சோறு பொங்கிக்கிட்டு இருக்கா. அது பொய்யின்னு உங்களுக்குத் தெரியும். இதுல என்கிட்ட கேக்குறதுக்கு என்னங்க இருக்கு. அல்லாஹ் பாத்துக்குவான், போங்க."

மறுநாள் போனார். முத்திருளன் வீட்டு வாசலில் வேம்பின் நிழலில் கட்டில் போட்டுப் படுத்திருந்தான். இடுப்பில் கம்பி வைத்துக் கட்டியிருந்தார்கள். அவனுக்கு எட்டாத தூரத்தில், சுவரோரமாக, அவன் மனைவி தமிழ்ச்செல்வி உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அலீம் வந்ததும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி அங்கேயே போய் உட்கார்ந்தாள்.

"வாங்க பாய்," என்றான் முத்திருளன். "இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீங்க."

"அன்னைக்கு என்ன நடந்துச்சு முத்து? உனக்கு எது ஞாபகம் இருக்கோ அதச் சொல்லு."

முத்திருளன் மரத்தைப் பார்த்தபடி சொன்னான். "நான் தூங்கலன்னுதான் நெனச்சேன் பாய். மாப்ள ஏதோ சொன்னான், நான் சிரிச்சேன். அது ஞாபகம் இருக்கு. வளைவு வந்துச்சு, திருப்புனேன். கல்லு மாதிரி நின்னுருச்சு. அம்புட்டுத்தான். ஆஸ்பத்திரியில முழிச்சப்ப எல்லாரும் தூங்கிட்டேன்னு சொல்றாய்ங்க. சொல்லிச் சொல்லி, இப்ப எனக்கே தெரியல. அந்தக் கல்லு மாதிரின்னதுகூட கனாவோ என்னமோ."

"கனா இல்ல," என்றார் அலீம்.

பிறகு சொன்னார். எதையும் சுற்றி வளைக்கவில்லை. புதுப் பம்ப் போட்டால் ஓஸையும் மாற்றியே ஆக வேண்டும் என்பது, முனை கிடைக்காதது, வண்டியை விட்டது, வேப்பமரத்தடியில் பார்த்தது. "நீ தூங்கல. நீ திருப்பித்தான் இருக்க. திரும்பாமப் போனதுக்குக் காரணம் நான்."

முறத்தின் சத்தம் எப்போதோ நின்றிருந்தது. முத்திருளன் முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினான். "ஞாயித்துக்கிழமை வாரேன்னு சொல்லிட்டு நான்தான் வரல பாய். மொதலாளி வேற லோடு சொன்னாரு, அப்பிடியே..."

"நீ வந்திருந்தாலும் வராட்டியும், அந்த வண்டி என் பட்டறைய விட்டுப் போயிருக்கக் கூடாது. சாவி என் கையில இருந்துச்சு முத்து. நான்தான் குடுத்தேன்."

தமிழ்ச்செல்வி எழுந்து வந்து நின்றாள். குரல் உயரவில்லை.

"அத மாத்த எம்புட்டு நேரம் ஆகும்?"

"என்னம்மா?"

"அந்த ஓஸ. கையில இருந்தா, மாத்த எம்புட்டு நேரம் ஆகும்?"

"அரை மணி நேரம்," என்றார்.

அவள் உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மா உள்ளேயிருந்து என்னவென்று கேட்பது காதில் விழுந்தது. பிறகு அழுகைச் சத்தம் எழுந்தது, இரண்டு பெண்களுடையதும். முத்திருளன் கையால் கண்ணை மறைத்துக்கொண்டான். அலீம் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். எழுந்து போவது மரியாதையா, இருப்பது மரியாதையா என்று தெரியவில்லை. யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. வெயில் கட்டில் கால் வரை வந்த பிறகு எழுந்து, "நான் ஸ்டேஷனுக்குப் போறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

எழுதிக் கொடுத்தார். வண்டியை மறுபடி சோதித்தார்கள். ஓஸைக் கழற்றி முத்திரை வைத்து அனுப்பினார்கள். அழகுராஜா பட்டறைக்கே வந்தார். கோபமாக வரவில்லை, கலங்கித்தான் வந்தார்.

"யாருமே கேக்காதப்ப நீங்களா போயி ஏன் பாய் தலையக் குடுக்குறீங்க? செத்தவன் வரப்போறானா? இப்ப என்னையும் வண்டிய அவசரப்படுத்தி எடுத்தேன்னு ஸ்டேஷனுக்குக் கூப்புடுறாய்ங்க."

"எடுத்தீங்கள்ல," என்றார் அலீம். "நான் குடுத்தேன், நீங்க எடுத்தீங்க. முத்து மட்டும் எதுக்கு உள்ள போகணும்?"

அழகுராஜா காரில் ஏறிப் போனார். அவர் வண்டிகள் அதற்குப் பிறகு அந்தப் பட்டறைக்கு வரவில்லை. அவருக்குத் தெரிந்தவர்களின் வண்டிகளும் வரவில்லை. சில மாதங்கள் பட்டறை வாசலில் வெறும் ஆயில் கறை மட்டும் இருந்தது. வேலையையே விட்டுவிடலாம் என்று அலீம் யோசித்ததுண்டு. ஆனால் தேய்ந்த பம்ப்போடு தோளை முறித்துக்கொண்டு ஓடும் வண்டிகள் ரோட்டில் இருக்கத்தான் செய்தன. அவையும் ஒரு நாள் ஒரு வளைவில் திரும்பாமல் போகலாம். மெல்ல மெல்ல, சொந்தமாக ஒரு வண்டி வைத்து ஓட்டும் டிரைவர்கள் வரத் தொடங்கினார்கள். வந்தவர்களிடம் அலீம் முதலில் சாவியை வாங்கிக்கொள்வார். பம்ப், ஓஸ், ஃபில்டர் மூன்றும் பட்டறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் ஒரு போல்ட்டையாவது தளர்த்துவார். "நாலு நாள் ஆகும். ஆகாதுன்னா இப்பவே எடுத்துட்டுப் போயிருங்க." போனவர்களும் உண்டு.

தூங்கி வண்டியைக் கவிழ்த்ததாக முத்திருளன் மேல் போட்ட வழக்கு ஒன்றரை வருடம் நடந்தது. அலீம் கூண்டில் ஏறி, கேஜின் முள் எங்கே நின்றது என்பதிலிருந்து சைலென்சர் குழாயில் கருகிய ஆயில் வரை சொன்னார். "உங்க மேலேயே பழி வரும்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்று வக்கீல் கேட்டதற்கு, "தெரியும்" என்றார். முத்திருளன் விடுதலையானான். லாரி ஓட்ட இனி இடுப்பு இடங்கொடுக்காது. கிரஷரில் எடைமேடைச் சீட்டுப் போடும் வேலைக்குப் போகிறான்.

தீர்ப்பு வந்த அன்று கோர்ட்டு வாசலில் அவன் சொல்லித்தான் அலீமுக்கு ஒன்று தெரிந்தது. விபத்துக்குப் பிறகு அவனுக்குச் சோற்றுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தது அவன் மாமியார்தான். தமிழ்ச்செல்வி பொங்குவாள், ஆனால் கட்டில் பக்கம் வரமாட்டாள். "நீங்க வந்துட்டுப் போனீங்கள்ல பாய், அன்னைக்குச் சாயங்காலம் அவளே கொண்டாந்தா. பக்கத்துல உக்காந்தா. ஒண்ணும் பேசல. மாப்ள கடைசியா என்ன சொல்லிச் சிரிச்சான்னு மட்டும் கேட்டா."

"என்ன சொன்ன?"

"ஞாபகம் வரலன்னேன். இப்பவும் வரல."

அலீம் மேல் போட்ட வழக்கு இன்னும் முடியவில்லை. மேலூர் கோர்ட்டில் வாய்தா விழும் நாட்களில் காலை ஏழு மணிக்கே சோற்றை டப்பாவில் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கடந்த தை மாதம் தமிழ்ச்செல்வியைச் சாட்சியாகக் கூப்பிட்டிருந்தார்கள். அடர்பச்சைச் சேலையில் வந்திருந்தாள். கூண்டில் ஏறியவள் அலீம் நின்ற பக்கம் பார்க்கவில்லை.

"என் தம்பி செத்ததுக்கு இவரு காரணம்," என்றாள். சர்க்கார் வக்கீல் தலையாட்டினார். அவள் அதோடு நிறுத்தவில்லை. "அதச் சொன்னதும் இவருதான். அவரா வந்து சொன்னாரு. சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ரெண்டையும் எழுதிக்கங்க."

எழுதிக்கொண்டார்கள். அவள் இறங்கி, வாசலில் கம்பை ஊன்றி நின்ற முத்திருளனோடு சேர்ந்து நடந்தாள். அவன் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தலையசைத்தான். அலீமின் வக்கீல் அடுத்த வாய்தா பங்குனியில் என்று வந்து சொன்னார். அலீம் தேதியைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மதிய ளுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டதால், பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இருக்கும் பள்ளிவாசலுக்கு நடந்தார்.